கஞ்சிங் தாண்டிட்டேன்

"முப்பது நிமிஷந்தான்! பத்து நாப்பதுக்கு பஸ் கெளம்பிரும் லா!" என்று கத்திவிட்டு விசிலை ஊதினாள் வழிகாட்டிப் பெண் ஷாமினி. வயது இருபத்தைந்துகூட இருக்காது, நாற்பது பேரை மேய்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளான் கோயில் மாதர் குழுவின் பயணம். ஒரே நாளில் ஆறு இடம். பத்துமலையில் பாதிப் படியிலேயே எல்லாரையும் இறக்கிக் கூட்டிவந்தாயிற்று. இது ரவாங் பக்கத்துக் கஞ்சிங் அருவி.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதுமே உஷாராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னே? இருபத்தாறு வருஷமாக இந்த அருவியை நம்பித்தானே அவள் வீட்டில் உலை கொதிக்கிறது! கணவன் ராஜன் லோரி ஓட்டுகிறவன். ரவாங்கில் சிமெண்டு ஏற்றி வரும்போது இந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிக் கூப்பிடுவான். முதலில் காசு போனில், பிறகு கைப்பேசியில். "கஞ்சிங் தாண்டிட்டேன், சோத்த வை." உடனே அவள் அரிசி களைவாள். "ஒருநா உன்னைய அந்தத் தண்ணியில நிக்க வைக்கிறேன் பாரு" என்று கல்யாணமான புதிதில் சொன்னான். சொன்னதோடு சரி. அடுத்த வாரம் அவளுக்கு முட்டியில் ஆப்பரேஷன். அப்புறம் இந்தப் பாறையில் இறங்க விடுவார்களோ என்னவோ. இன்று லீவு போட்டு அவனும் கூட வந்திருந்தான். அதற்குள் ஒரே ஒரு தடவை அவனோடு அந்தத் தண்ணீரில் நின்றுவிட வேண்டும்.

ஆனால் நம்ம ஆட்கள் ஊர் பார்க்கவா வருகிறார்கள்? பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அருவியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. "உஷா, பசி உயிர் போவுது, சட்டியத் தெற லா," என்றாள் குழுத் தலைவி தனலெட்சுமி. நாற்பது பேருக்கும் தேங்காய்ப்பால் ஊற்றி நாசி லெமாக் சோறு சமைத்துக் கொண்டுவந்தது உஷாராணிதான். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிற கை. சமைச்ச கைதான் பரிமாறணும் என்று சொல்லிச் சொல்லி, எந்த விசேஷத்திலும் கரண்டியை யாரிடமும் கொடுக்காதவள். இன்று மாட்டிக்கொண்டாள்.

மிளகாய்ச் சம்பல் கொஞ்சம், நெத்திலி கொஞ்சம், முட்டை இன்னொன்று. பத்து நிமிஷம் போனது. இருபது போனது. பரிமாறும்போது அழுதால் நன்றாகவா இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கரண்டியக் குடு." ராஜன் பக்கத்தில் நின்றான்.

"உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது. பரிமாறப் போறீங்களாக்கும்!"

"குடுன்னா குடு. நீ மெதுவா எறங்கு. பின்னாலயே வரேன்."

பிடுங்கிக்கொண்டான். சிமெண்டை வாரிக் கொட்டுகிற மாதிரி சோற்றை வாரிப் போட்டான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். அம்மாடி! என்ன குளிர்ச்சி! பாறை முழுக்க வெள்ளையாக விழுந்துகொண்டே இருந்தது. அழகுதான். தனியாகப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்!" மேலே விசில் கேட்டது. வரமாட்டார். இந்த மனுஷன் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார்?

கைப்பையில் போன் அடித்தது.

"உஷா, இன்னும் கஞ்சிங் தாண்டல. கஞ்சிங்லதான் நிக்கிறேன். திரும்பிப் பாரு."

கால்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டு, ஒரு கையில் போனும் மறு கையில் கரண்டியுமாகப் பின்னால் நின்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மறு நொடியே திடுக்கிட்டாள்.

"சட்டிய யாருகிட்டங்க குடுத்தீங்க?"

"யாருகிட்டயும் குடுக்கல."

மேலே தனலெட்சுமியின் அலறல் கேட்டது. "ஐயையோ, கொரங்கு! கொரங்கு!" தட்டுகள் உருண்டன. விசில் விடாமல் ஒலித்தது. உஷாராணி பதறிப்போய் ஒரு கால் எடுத்து வைத்தாள். ராஜன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

அவள் எடுத்த காலைத் திரும்பத் தண்ணீரிலேயே வைத்தாள். அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, குனிந்து, நிதானமாக அலசினாள். சம்பலின் சிவப்பு அவர்களுடைய நாலு காலையும் சுற்றிக்கொண்டு போனது.