ஆமென் சொன்னால் ரைட்

ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பில், புறப்படும் முன் எப்சிபா தினமும் வாய்விட்டு ஜெபம் செய்வாள். அந்தச் சத்தத்தில் தள்ளியிருக்கும் ராசிங்காபுரத்துச் சேவல்கள்கூட வெட்கப்பட்டுக் கூவுவதையே நிறுத்திவிட்டன. ஓய்வுபெற்ற கண்டக்டரான நான், ஜீப் புறப்படும் போடி டீக்கடையில் உட்கார்ந்து கண்ட உண்மை இது.

டிரைவர் பாண்டித்துரைக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, வெரசா முடி. இல்லாட்டி உன்னய இங்கனயே எறக்கி விட்டுருவேன்."

இறக்கிவிட்டால் அவளுக்கு அன்றைய வேலை போச்சு.

"சாமிகிட்ட அரை மனசாப் பேசச் சொல்றியா அப்பு?"

"ஓடுற வண்டியில பேசு."

"வளைவுல கண்ண மூடுனா வாந்தி வருதே."

மறுநாள் முதல் அவன் ஹார்னை அழுத்தினான். மதுரை ரயிலே மிரண்டு பின்னால் போயிருக்கும். அவள் ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. மழைக்காலம் முழுக்க இந்தப் போட்டிதான். அதற்குள், அவள் "ஆமென்" என்றதும் பக்கத்தில் உட்கார்ந்து வரும், திருநீறு பூசிய பெரியம்மாள் ஜீப்பின் தகரத்தைத் தட்ட, வண்டி நகர்வது வழக்கமாகிவிட்டது. முப்பது வருஷம் நான் ஊதிய விசிலுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

மார்கழிப் பனியில் எப்சிபாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உதடு மட்டும் அசைந்தது. பாண்டித்துரை கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஹார்னைத் தொடாமல் திரும்பிப் பார்த்தான்.

"முடிஞ்சதும் கையக் காட்டு யக்கா. ஆமென் இல்லாம எனக்குக் கியரே விழ மாட்டேங்குது."

எப்சிபா அவசரப்படவில்லை. வழக்கமான நீளத்துக்கு ஜெபித்துவிட்டுத்தான் கையைத் தூக்கினாள்.

ஜீப்பே "ஆமென்" என்றது. பெரியம்மாள் குரல்தான் ஓங்கி நின்றது.