பெரியவருக்கு முப்பத்தொன்று

"அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ. உங்கட வடையைச் சீனக் காசு எண்டு எழுதிப்போட்டினம்."

பற்றிமா இப்படிச் சொன்னதும் கமலநாயகி ஈரத் துடைப்பத்தைச் சுவரோடு சாத்திவிட்டு வந்து பார்த்தாள். பேர்லின் மிருகக்காட்சிசாலையில் பண்டாக்களை வளர்த்த கதையைப் படங்களாகச் சொல்லும் கண்காட்சி சனிக்கிழமை திறக்க இருந்தது. அன்று செவ்வாய், காலை ஆறரை. துப்புரவுக் கொம்பனியின் நீல மேற்சட்டை போட்ட இவர்கள் இரண்டு பேரையும் தவிர மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

படத்தில் ஒரு வெறும் கண்ணாடிக் கூடு. அதன் முன்னால் தரையில் தலைவாழையிலை. இலையில் மூங்கில் குருத்து, கரட், அப்பிள், சோறு, பூசணிக்காய்க் கறி, ஒரு உளுந்து வடை. கீழே ஜெர்மனில் விளக்கம்: 2012ஆம் ஆண்டு, முதிய பண்டா இறந்து ஒரு மாதத்தின் பின், பெயர் தெரியாத சீனர் ஒருவர் செலுத்திய அஞ்சலி, கரட் நீண்ட ஆயுளைக் குறிக்கலாம், நடுவில் துளையுள்ள வட்டம் பழைய சீன நாணயத்தை ஒத்தது.

"பூசணிக்காய்க்கு ஒண்டும் எழுதேல்லை," என்றாள் பற்றிமா. "அதுக்கு விளக்கம் பிடிபடேல்லையாக்கும்."

"சிரிக்காதை. மெல்லக் கதை."

"ஆரக்கா இஞ்ச தமிழ் கேக்கப்போகினம்? பண்டாவோ?"

கமலநாயகி இந்த மிருகக்காட்சிசாலை வளாகத்துக்கு வேலைக்கு வந்தது 2004இல். பண்டாவுக்கு அப்போதே வயது இருபத்தாறு. அவளும் பற்றிமாவும் அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். 1980இல் சீனா அன்பளிப்பாக அனுப்பிய சோடியில் ஆண் அவர். கூட வந்த பெட்டை நாலு வருசத்தில் போய்விட்டது. பிறகு சோடி சேர்க்கவென்று அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டும் கடிபட்டதுதான் மிச்சம், திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு சீனாவிலிருந்து ஒன்று வந்து பன்னிரண்டு வருசம் பக்கத்தில் இருந்தது. குட்டி மட்டும் கிடைக்கவில்லை.

"லண்டன் சம்பந்தம் எங்கட ஆக்களுக்கே சரிவாறேல்லை," என்பாள் பற்றிமா. "அந்த வாயில்லாச் சீவனுக்கு எங்கை சரிவாறது?"

2007இல் அந்தப் பெட்டையும் கண்ணை மூட, பெரியவர் தனித்துப்போனார். கமலநாயகி வெளியே நின்று கண்ணாடி துடைப்பாள். உள்ளே அவர் காலை நீட்டிக்கொண்டு இருந்து மூங்கில் கடிப்பார். அவள் வேலைக்கு வந்ததிலிருந்து அவர் சாகும்வரை எட்டு வருசம் அப்படிப் போனது.

அவர் செத்த முப்பத்தோராம் நாள் அவள் வீட்டிலேயே சமைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இலை நொய்கெல்ன் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கியது. பற்றிமா வாசலில் காவல் நின்று தன் பங்குக்கு ஒரு செபமும் சொன்னாள். அரை மணித்தியாலத்தில் இலையை எடுத்துவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் பராமரிப்பாளர் ஒருவர் அன்றைக்கென்று நேரத்தோடு வந்து, படமும் எடுத்துவிட்டார். மத்தியானம் மேற்பார்வையாளர் லேமன் துப்புரவுக்காரர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். மிருகக் கூட்டுக்குக் கிட்ட சாப்பாடு வைப்பது வேலையை இழக்கிற குற்றம், யார் செய்தது என்று கத்தினார். பிறகு, 'நான் வைக்கவில்லை' என்ற கடதாசியில் ஆளுக்கொரு கையெழுத்து. கமலநாயகியும் வைத்தாள்.

படத்தைக் கண்ட செவ்வாய் பின்னேரம் வீட்டில், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவளுடைய கணவர் தியாகராசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இஞ்சேரும், சீனர் எண்டு இருக்கிறதிலை உமக்கென்ன நட்டம்?"

"நட்டம் இல்லை. ஆனா அவருக்கு முப்பத்தொண்டு செய்தது நான்."

"லேமன் அறிஞ்சா? பொய்க் கையெழுத்து வைச்சிருக்கிறீர். பென்சனுக்கு இன்னும் மூண்டு வருசம் கிடக்கு. இந்த வயதிலை உம்மை வேறை ஆர் எடுப்பினம்?"

"அதுதான் பயமாக் கிடக்கு."

"பயமெண்டா வாயை மூடிக்கொண்டு இரும்."

"இருக்க ஏலாமல்தானே உங்களிட்டைச் சொல்லுறன்."

தியாகராசா தொலைக்காட்சியை நிற்பாட்டினார். "நான் வேண்டாம் எண்டு சொன்னா விடுவீரோ?"

"இல்லை."

"பிறகேன் என்னட்டைக் கேக்கிறீர்?"

"கேட்டுப்போட்டுச் செய்யிறதுதானே மரியாதை."

மறுநாள் கண்காட்சிப் பொறுப்பாளர் சாண்ட்ரா ஏணியில் நின்று படமொன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கமலநாயகியின் ஜெர்மன் துண்டு துண்டாகத்தான் வரும், ஆனால் பிழைக்காது.

"அந்த வட்டம் காசு இல்லை. வடை. உளுந்தில் செய்வது."

சாண்ட்ரா கீழே பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சுட்டது."

சாண்ட்ரா ஏணியால் இறங்கி வந்தாள். "கரட்?"

"அவருக்குக் கரட் பிடிக்கும். அப்பிள் அதைவிடப் பிடிக்கும். எங்கள் ஊர் வழக்கம் இது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்போம்."

"பண்டா வடை சாப்பிட்டதா?"

"இல்லை. வடை இல்லாமல் எங்களுக்குப் படைக்கத் தெரியாது."

சாண்ட்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும், "நீங்கள் ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்டாள்.

"அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாதவர்களுக்கு யாராவது ஒரு ஆள் செய்ய வேண்டும்தானே."

"உங்களுக்குப் பிள்ளைகள்?"

"இல்லை," என்றாள் கமலநாயகி.

சாண்ட்ரா பேனையை எடுத்துப் பெயர் கேட்டாள். அப்போது கமலநாயகி கையெழுத்து வைத்த கதையையும் சொன்னாள். சாண்ட்ராவின் பேனை நின்றது.

"உங்கள் கொம்பனியும் இதை வாசிக்கும். பெயரில்லாமல், ஒரு துப்புரவுப் பணியாளர் என்று மட்டும் போடட்டுமா?"

"அப்படிப் போட்டால் லேமன் எல்லாரையும் சந்தேகப்படுவார். போனமுறை ஒரு கிழமையாக எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தார். என் பெயரையே போடுங்கள். எனக்குக் காவல் நின்றவள் ஒருத்தி. அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

பற்றிமா யோசிக்கவேயில்லை. "போடச் சொல்லுங்கோ. ஆனா நான் வேதக்காரி எண்டதைச் சேர்க்க வேண்டாம், அக்கா. பாதர் வந்து வாசிச்சாலும் வாசிப்பார்."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துபோயிற்று. புதிய விளக்கத்தில் கமலநாயகியின் பெயர் ஒரு எழுத்துக்கூடப் பிழைக்காமல் இருந்தது. அதற்குக் கீழே பற்றிமாவின் பெயர். தியாகராசா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அதை மூன்று தரம் வாசித்தார். நாலாம் தரம் வாசிக்க அவர் போனபோது அங்கே லேமன் நின்றார்.

"திருமதி தியாகராசா, ஒரு நிமிசம்."

கமலநாயகி கிட்டப் போனாள். தியாகராசா இரண்டடி பின்னால் போனார்.

"நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்," என்றார் லேமன்.

"வைத்தேன். அது பொய்."

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"அன்றைக்கு நீங்கள் கத்தினீர்கள்."

லேமன் காதுமடலைத் தடவினார். "கத்தினேன்தான். எலி வரும் என்று பயம். மூன்று நாள் பொறி வைத்துப் பார்த்தேன்."

"வந்ததா?"

"ஒன்றும் வரவில்லை." அவர் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது இங்கே வந்த வருடம் எனக்கு ஆறு வயது. இரண்டு மணித்தியாலம் வரிசை. அப்பா தோளில் தூக்கிக் காட்டினார். அது திரும்பவேயில்லை. முதுகைத்தான் பார்த்தேன்."

"எனக்கும் முதல் வருசம் முழுக்க முதுகுதான்."

லேமன் சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. "பதின்மூன்று வருடப் பழசுக்கு நான் எச்சரிக்கைக் கடிதம் எழுதப்போவதில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல ஆறரைக்கு வாருங்கள். ஆனால் அடுத்த முறை இப்படி ஏதாவது வைப்பதென்றால் முதலில் என்னிடம் கேளுங்கள்."

பின்னால் தியாகராசா மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

யன்னலுக்கு வெளியே ஆட்கள் புதிய பண்டாத் தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். 2017இல் வந்த சோடி அங்கே இரண்டு தரம் இரட்டைக் குட்டிகள் ஈன்றாயிற்று. கடைசிச் சோடிக் குட்டிகள் கண்ணாடிக்குக் கிட்ட வரும் நாட்களில், அந்தப் பக்கம் அவைகளின் மூக்கும் இந்தப் பக்கம் சனத்தின் மூக்கும் பட்டு, அவளுக்குத் துடைத்து மாளாது.

"அடுத்த முறை என்று ஒன்று எனக்கு வேண்டாம்," என்றாள் கமலநாயகி. "இவை எனக்குப் பிறகும் இருக்கட்டும்."