ஃப்ரீசருக்குள் ஒரு பேரிங்

மாமா ஃப்ரீசரைத் திறந்ததும் நான் அத்தையைப் பார்த்தேன். ஐஸ் தட்டுக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காருக்கு வாங்கிய புத்தம் புது வீல் பேரிங்கை நானும் அத்தையும் ஒளித்து வைத்திருந்தோம்.

"என்ன இது, கல்லு மாதிரி கனக்குது?"

"மீனு. வச்சிடுங்க, கை நாறும்," என்றாள் அத்தை, தலையைக்கூடத் திருப்பாமல்.

"மீனு இப்படி வட்டமாவா இருக்கும்?"

"சுருண்டு படுத்திருக்கும். உங்களுக்கு இப்ப முடி வெட்டப் போகணுமா, மீனை ஆராய்ச்சி பண்ணணுமா?"

மாமா போய்விட்டார். முடி வெட்டப் போனால் ஊர் உலக விவகாரமெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வருவார் மனிதர். எங்களுக்கு அந்த நேரம்தான் கணக்கு. சாயங்காலம் காரை வாங்க ஆள் வருகிறார். கொஞ்ச நாளாக ஓடும்போது அடியிலிருந்து 'ஊம்ம்ம்' என்று ஓர் உறுமல். "கியர் பாக்ஸ் போச்சு, இனிமே இது பழைய இரும்பு" என்று மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். வேறு கார் வாங்கும் எண்ணமும் இல்லை. "இந்த வயசுல நமக்கு எதுக்குக் காரு?" என்று அவர் கேட்டபோது அத்தையின் முகம் செத்துப்போனதை நான்தான் பார்த்தேன்.

ஏனென்றால் ஐம்பத்தெட்டு வயதில் அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மாமாவுக்குத் தெரியாது. வெளியூர் வேலையிலிருக்கும் அவர்கள் மகன், என் கணவருக்குக்கூடத் தெரியாது. கடைக்குப் போவதாகக் கிளம்புவோம். தெருமுனைவரை நான் ஓட்டுவேன், திரும்பியதும் இடம் மாறிக்கொள்வோம். ஸ்டியரிங்கைப் பிடித்த அத்தையைப் பார்க்க வேண்டுமே, அப்படியொரு குஷி! ஒருநாளும் பாடாதவள் பாடுவாள், அதுவும் சுருதி சேராமல். கார் போய்விட்டால் அந்த அத்தையும் போய்விடுவாள். முட்டி வலியைப் பற்றி மட்டும் பேசுகிற பழைய அத்தைதான் மிஞ்சுவாள். எனக்கு அவள் வேண்டாம்.

நான் அச்சகத்தில் மெஷின் பராமரிப்பு. உருளைகளுக்குப் பேரிங் மாற்றியே காலம் தள்ளுகிறவள். கிளட்சை மிதித்தாலும் கியரை மாற்றினாலும் அந்த உறுமல் மாறவில்லை, கார் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கியது. கியர் பாக்ஸாவது மண்ணாவது! சத்தம் முன்னாலிருந்துதான், முன்சக்கரம் இரண்டுக்கும் ஒரே மாதிரி பேரிங்தான். ஆனால் எந்தப் பக்கத்துச் சக்கரம் என்பதுதான் கேள்வி.

"இடது பக்கம் திருப்பினா கத்துது. வலது பக்கம் திருப்பினா கப்சிப்," என்று அத்தை அடித்துச் சொன்னாள்.

அதை நம்பி இடது முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினோம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், அசைவே இல்லை. சுற்றிவிட்டேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருவேளை அவர் சொல்றதுதான் சரியோ?" என்றாள்.

பிறகு கைகளைத் தூக்கி, இல்லாத ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினாள். திரும்பவும் ஒருமுறை திருப்பினாள்.

"ஏம்மா, இப்படித் திருப்பறப்போ என் உடம்பு எந்தப் பக்கம் சாயுது?"

"வலது பக்கம்."

"அப்ப வண்டியும் அந்தப் பக்கம்தானே சாயும்? பாரமெல்லாம் வலது சக்கரத்து மேலல்லவா விழும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாரம் விழுகிற பேரிங்தானே கத்தும்! ஓடிப்போய் வலது பக்கத்தைத் தூக்கினோம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதற்குப் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கில் கை வைத்தேன். உள்ளே மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி நறநறவென்று அதிர்வு.

"அத்தை, இங்க கைய வைங்க!"

வைத்தாள். கண் விரிந்தது. "ஐயையோ, அரைக்குதே!" என்று கத்தினாள், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அதன்பின் பேச நேரமில்லை. அத்தை பிரேக்கை மிதிக்க, சக்கரத்தின் நடுவிலிருக்கும் பெரிய நட்டை, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, தொங்கித்தான் கழற்றினேன். பிரேக்கைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். பேரிங் உட்காரும் இரும்பு வீட்டை மேசைக்குக் கொண்டுவந்து, நீள போல்ட்டும் தடித்த வாஷர்களும் வைத்துப் பழையதை இழுத்தெடுத்தேன். குண்டுகள் ஓடும் பாதை முழுக்க அம்மைத் தழும்பு. அத்தை அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம், எத்தனை நாளா சொல்லிப் பார்த்திருக்கு," என்றாள்.

"மீனை எடுத்துட்டு வாங்க!"

குளிரில் சுருங்கிய பேரிங் வந்தது. அதற்குள் சூடு ஊதும் மெஷினால் அந்த இரும்பு வீட்டை விரியும்படிக் காய்ச்சி வைத்திருந்தேன். வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்த வேண்டும், உள் வளையத்தில் அழுத்தினால் புதுசும் பாழ். மூச்சை அடக்கிக்கொண்டு போல்ட்டை முறுக்கினேன். அரை வழியில் கொஞ்சம் கோணிக்கொண்டது. எனக்கு உயிரே போனது. தளர்த்தி, நேராக்கி, மறுபடி முறுக்கினேன். 'ணங்' என்று போய் உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, அத்தை மறுபடி பிரேக்கை மிதிக்க, நான் அந்தப் பெரிய நட்டைக் கடைசி முறுக்கு முறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மாமா வாசலில் நின்றார், புது வெட்டும் கழுத்தில் பவுடருமாக.

"அங்க உட்கார்ந்து என்ன பண்ற நீ?"

"பிரேக் மிதிக்கிறேன்."

"பிரேக் எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"கிளட்சு, கியரு எல்லாம் தெரியும். லைசென்ஸே வாங்கியாச்சு."

மாமா என்னைப் பார்த்தார். நான் நட்டைப் பார்த்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அதற்குள் பைக்கில் வந்துவிட்டார் காரை வாங்க வந்தவர். நேராக வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, "சார், இந்த வண்டிதானா?" என்றார்.

அத்தை இன்ஜினைக் கிளப்பி, மாமாவைப் பார்த்தாள். "ஏறுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். சத்தம் இருந்தா அவருக்கே குடுத்துடுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தம் இல்லைன்னா வண்டி எனக்கு."

மாமா வழக்கம்போல ஓட்டுகிறவர் பக்கக் கதவில் கை வைத்தார். அத்தை நகரவில்லை. அவர் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு காரின் முன்னால் சுற்றிப் போய், அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தார். பெல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவினார். அத்தை எட்டி எடுத்துக் கொடுத்தாள்.

"மெதுவா போ," என்றார் மாமா.

வாங்க வந்தவர் இன்னும் பைக் மேல்தான் உட்கார்ந்திருந்தார், காரையும் என் கிரீஸ் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹாரனில் உள்ளங்கையை வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி நீளமாக அழுத்தினாள். அவர் பதறிப்போய், இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் பைக்கைப் பின்னால் தள்ள ஆரம்பித்தார்.