ஹேண்டில் பிடித்த கை

 பிரபு காரை எங்கள் மெக்கானிக் ஷெட் வாசலில் நிறுத்தி, இறங்கி, என் தம்பி டெரிக்கின் வாயில் குத்தினான். டெரிக் மேஜையோடு சாய, ஸ்பேனர்கள் சிதறின. எழப்போனவனின் விலாவில் ஓர் உதை விழுந்தது.

"புகை டெஸ்ட்ல ஃபெயில் பண்ட்டானுங்க. நீங்க டியூனிங் பண்ண லட்சணம் இது. ஜூலியட்டு, நீ தள்ளு. பொம்பள மேல கை வைக்க மாட்டேன்."

என்ன பெரிய மனசு. மந்தைவெளியில் நானும் டெரிக்கும் சேர்ந்துதான் ஷெட் நடத்துகிறோம். பிரபு, சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவன். இந்த வெள்ளை அம்பாசிடரைப் போன வாரம் நாங்கள்தான் சரிசெய்து அனுப்பினோம்.

நான் வீல் ஸ்பேனரை எடுத்தேன். பிரபுவோடு வந்த ராம்குமார் என் மணிக்கட்டை முறுக்கி அதைக் கீழே போட வைத்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

"பானெட்ட தொற. பாத்துட்டு சொல்றேன்," என்றேன்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெட்ரோல் பற்றுகிற டைமிங்கை வைத்து முடித்ததும், தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து இன்ஜின் வரை வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது டெரிக்கின் பழக்கம். அந்தக் கோடு இப்போது இரண்டாகி, மேல்பாதி தள்ளி நின்றது. நட்டில் புதிய சிராய்ப்பு.

"இத யாரு திருப்பினது?"

"நான்தான்," என்றான் பிரபு, வெட்கமே இல்லாமல். "ஷூட்டிங்ல வண்டி இழுக்கல. கொஞ்சூண்டு திருப்பினேன். அதுக்கும் புகைக்கும் இன்னா கீது?"

"பெட்ரோல் பத்த வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே பத்துது. சரியா எரியாம வெளிய போவுது. கோட்ட ஒண்ணு சேத்தா பாஸ் ஆயிடும்."

"சேத்துட்டு, தப்பே இல்லாத மாதிரி ஆக்கிடலாம்னு பாக்கறியா? இப்டியே ஸ்டார்ட் பண்ணு. வீடியோ எடுத்து எல்லா குரூப்லயும் போடறேன். அப்பறம் எவன் வர்றான்னு பாக்கறேன்."

சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் முனகி நின்றது. காலையிலிருந்து அந்த டைமிங்கோடு மல்லுக்கட்டி பேட்டரி ஓய்ந்துபோயிருந்தது. பிரபு டிக்கியிலிருந்து, கையால் சுற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் இரும்பு ஹேண்டிலை எடுத்து வந்து டெரிக்கின் மேல் எறிந்தான்.

"சுத்துடா."

 இப்படி முன்னால் தள்ளிய டைமிங்கில் கையால் சுற்றினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹேண்டில் திரும்பி வருகிற வேகத்தில் மணிக்கட்டு முறியும். டெரிக்குக்கு அந்தக் கைதான் சோறு.

"வேணாம். உதைக்கும். அவன் கை போயிடும்," என்றேன்.

பிரபு டெரிக்கின் முடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தை பம்பரில் மோதினான். "சுத்துவியா மாட்டியா?"

டெரிக் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். மறுபடியும் மோதினான் பிரபு. நான் ராம்குமாரின் கையைக் கடித்தேன். அவன் என்னைச் சுவரோடு தள்ளினான்.

"பயந்து சாவறான் பாரு. நானே சுத்தறேன். நீ வீடியோ எடு," என்று பிரபு போனை ராம்குமாரிடம் கொடுத்தான்.

குனிந்து, காரின் முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகினான். நான் அவன் கையைத்தான் பார்த்தேன். நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், இறுக்கிய முஷ்டி. ஹேண்டில் பிடிக்கிறவன் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். அப்போதுதான் உதைத்தால் கை கழன்றுவிடும். இப்படிப் பிடித்தால் மாட்டிக்கொள்ளும்.

சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அண்ணே," என்றான் தரையில் கிடந்த டெரிக். "கட்டவிரல அந்தப் பக்கம் சுத்தாதீங்க. கை முறிஞ்சிடும்."

பிரபு திரும்பாமலே அவன் நெஞ்சில் ஓர் உதை விட்டான். பிறகு முழு பலத்தோடு சுற்றினான்.

இன்ஜின் ஒரே ஒரு முறை வெடித்தது. ஹேண்டில் பின்னோக்கிப் பறக்க, முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிரபு மண்டியிட்டுத் தன் கையைப் பார்த்தான். அது மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. பிறகுதான் அலறினான். ராம்குமார் போனைப் போட்டுவிட்டு வாந்தியெடுத்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

டெரிக் பானெட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நட்டைத் தளர்த்தி, கோட்டை ஒன்று சேர்த்து, இறுக்கினான். கட்டைவிரலை ஒதுக்கி ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினான். இன்ஜின் சீராக ஓடத் தொடங்கியது.

"அவர பின்னாடி ஏத்துக்கா. ராயப்பேட்டை ஆஸ்பத்திரி கிட்டதான்."

ஒரு கண் வீங்கி மூடியிருக்க, மறு கண்ணால் ஓட்டினான். பின்சீட்டில் பிரபுவின் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தேன். லஸ் சிக்னலில் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "உன்ன சாவடிக்க பாத்தவன்டா. அவனுக்கு ஏன்டா சொன்ன?"

"யாருதா இருந்தா இன்னாக்கா, கை தான," என்றான் டெரிக்.

 டெரிக்கின் மனசு எனக்கு இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும், வேகத்தடை வந்தபோதெல்லாம் வலிக்கட்டும் என்று அந்த முறிந்த கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.