ஓரத்தில் தெரியும் பூட்ஸ்

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஜோனின் படங்கள் பதினான்கு இருக்கின்றன. ஜோன் எங்களுக்கு உறவில்லை. எங்கள் ஊரான பாலோவுக்கு அவன் வந்ததும் இல்லை. அமெரிக்காவில் பனி கொட்டும் ஓர் ஊரில், முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது அவன் தொழில். எல்லாப் படங்களிலும் ஓடிக்கொண்டிருப்பான். எல்லாப் படங்களிலும் கீழே ஓர் ஓரத்தில் ஒரு பூட்ஸ் தெரியும்.

"அந்த பூட்ஸ்தான் எம் மவன்," என்று அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அண்ணன் யுகேந்திரன் பதினோரு வருடம் ஜோனின் குழுவில் ஃபுல்பேக், அதாவது அவனுக்கு முன்னால் ஓடுகிறவர். என்ஜினியரிங் படிக்கத்தான் போனார். கல்லூரியில் இழுக்க வேண்டிய ஒரு கதவைத் தள்ளியதில் கதவு நிலையோடு பெயர்ந்து வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தவர் பயிற்சியாளர். தொழில் அப்படி அமைந்தது. அவர் விமானம் ஏறியபோது எனக்கு ஒரு வயது. எனக்கும் அண்ணன் என்றால் பூட்ஸ்தான்.

அம்மா செல்வராணிக்கு ஒரே ஓர் ஆசை. மகன் கையில் எதையாவது ஏந்தி, நிமிர்ந்து நிற்கிற படம் ஒன்று பத்திரிகையில் வர வேண்டும். வீட்டில் எடுத்த படமெல்லாம் அவருக்குக் கணக்கில் சேராது. "கைப்பேசியில யாரு வேணும்னாலும் எடுக்கலாம். பேப்பர்ல வரணும்." அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனை செய்வார். மகன் பெயருக்கு ஒன்று, ஜோன் பெயருக்கு ஒன்று. ஜோன் கீழே விழுந்தால் அண்ணனுக்கும் வேலை இருக்காது என்பது அவர் கணக்கு.

"நட்சத்திரம்?" என்று ஐயர் கேட்பார்.

"ஜோனுக்குத் தெரியாது சாமி. சாமி நட்சத்திரத்தையே வச்சுக்குங்க."

சாமி நட்சத்திரத்தையும் மீறி ஜோனின் முட்டி போய்விட்டது. குழுவினர் அண்ணனைக் கூப்பிட்டு, புது ஆட்ட முறையில் அவருடைய இடத்தையே எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வேறு ஆளை வைக்கவில்லை, அந்த வேலையே இனி கிடையாது. அண்ணன் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கினார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவரிடம் அம்மா முதலில் கேட்டது, "ஜோன் முட்டி இப்ப எப்பிடிப்பா இருக்கு?"

மறுநாள் கோயில் தலைவர் சபாபதி மாமா பார்க்க வந்தார்.

"எத்தன கோலு போட்ட?"

"கோலு இல்ல மாமா. பந்தையே ஒம்பது தடவதான் தொட்டேன்."

"பதினோரு வருசத்துலயா?"

"அதுல ரெண்டு தடவ அது தவறி எங்கிட்ட வந்துருச்சு."

"அப்பறம் என்னாத்துக்குலா ஒன்ன வச்சிருந்தாங்க?"

அண்ணன் எழுந்துபோய்க் குளிர்பெட்டியிலிருந்து ஓர் எலுமிச்சம் பழம் எடுத்து வந்தார். மாமாவின் மைவி கார் வாசலில் நின்றது. முன்சக்கரத்தின் கீழே பழத்தை வைத்தார். "ஓட்டுங்க மாமா." மாமா ஓட்டினார். பழம் சப்பென்று நசுங்கியது.

"கார்தான் ஜோன். இதுதான் நான்," என்றார் அண்ணன், தரையைக் காட்டி.

"அலமாக்! இத மொதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்லா."

ஒரே வாரத்தில் பாலோவுக்கே புரிந்துவிட்டது. அண்ணனோடு சிம்பாங் ரெங்கம் இரவுச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்குப் போனேன். கூட்டம் என்றால் எனக்கு ஆகாது. படிவம் நான்கில், பள்ளிச் சபையில் நின்று ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை. அதன் பிறகு பள்ளிக்கும் போகவில்லை. அண்ணனின் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டால் மட்டும் போக முடிந்தது. அவர் மோவாயை உள்ளே இழுத்து, வலது தோளைத் தாழ்த்தி, எதிரில் வருகிறவரின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒருவரையும் இடிக்கமாட்டார். ஆனால் எல்லாரும் விலகுவார்கள். என் பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு மலாய் அக்கா சேர்ந்தார். அவர் பின்னால் இரண்டு சீனக் கிழவர்கள். திரும்பிப் பார்த்தபோது இருபது பேர். அப்பம் பாலிக் கடை வந்ததும் அண்ணன் பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். இருபது பேரும் எங்களைத் தாண்டிப்போய் வாங்கினார்கள். எங்கள் முறை வந்தபோது மாவு முடிந்துவிட்டது.

"யாரும் இடிபடலல்ல?" என்று அண்ணன் சந்தோஷமாகக் கேட்டார்.

பிறகு கல்யாண விருந்துகளுக்கு அவரை முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டு மேசைக்குப் போக அவர் முன்னால் நடக்க வேண்டும். அவர் நடப்பார், ஒதுங்குவார், ஆட்டுக்கறி தீர்ந்துபோகும்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பங்குனி உத்திரத்துக்கு நீ பால்குடம் எடுக்குற. குளுவாங்லேருந்து நிருபர் அமலதாஸ் வர்றாரு. கையில பால்குடம், நிமிந்த தலை, பேப்பர்ல படம். அவ்வளவுதான் நான் கேக்குறது."

வீட்டின் பின்னால் தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து ஒத்திகை நடந்தது. ஐந்தடி நன்றாக நடப்பார். பக்கத்து வீட்டுக் கோழி குறுக்கே வந்தால் தோள் தானாகத் தாழ்ந்துவிடும். குடம் போய்விடும். கொடியில் தொங்கிய போர்வைக்கும் தாழ்ந்தது. பதினோரு வருடம் குனிந்தே ஓடிய உடம்பு. எட்டாவது குடமும் கவிழ்ந்ததும், நனைந்த தலையோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"முன்னால யாராச்சும் போனா நான் நிமிந்து வந்துருவேன்மா. ஜோன் அப்பிடித்தான் வருவான்."

ஊரில் ஆறேழு பேரைக் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: "நீ இருக்கியேப்பா. நாங்க ஒம் பின்னால வர்றோம்." என்னை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

உத்திரத்தன்று ஊர்வலம் ரயில் நிலையச் சாலையிலிருந்து கிளம்பியது. அண்ணன் மஞ்சள் வேட்டியில், விளிம்பு வரை பால் நிறைந்த குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். ஊரே அவர் பின்னால் நின்றது. அதுவரை எதிரில் யாரும் இல்லாததால் தோள் நேராக இருந்தது.

கோயில் வாசலில் சபாபதி மாமா ஒலிவாங்கியோடு நட்டநடுவில் நின்று நிருபரை வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் மேளக்காரர், அதற்குப் பின்னால் நீர்மோர் அண்டா. அமலதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயா, ஒரே ஒரு படந்தான் போடுவாங்க. பதினோரு மணிக்கு நான் பண்டார் தெங்காராவுல இருக்கணும்."

"இருங்க தம்பி, இன்னும் பொருளாளரைப் பத்திச் சொல்லல."

அண்ணன் நெருங்கினார். மாமா விலகவில்லை. அண்ணனின் மோவாய் உள்ளே போனது. வலது தோள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. குடம் சாய்ந்து, ஒரு சொட்டுப் பால் அவர் காதில் விழுந்தது.

"சாஞ்சிராத யுகேன்," என்றார் அம்மா. அழுகிற குரல்.

மாமா, தள்ளி நில்லுங்க என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தத்துக்குப் பதிலாகத் தோள் வந்தது. மோவாயை உள்ளே இழுத்தேன். மாமாவின் வயிற்றை மட்டும் பார்த்தேன். அண்ணனைத் தாண்டி ஓடினேன்.

"நமது ஆலயத்தின் பெருமைக்குரிய..." என்பது வரை மாமா நின்றுகொண்டிருந்தார். அடுத்தது, "ஐயோ அம்மா!" என்று நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. மாமா மேளக்காரர் மேல் சாய, மேளக்காரர் அண்டாவின் மேல் சாய, அண்டா எங்கள் எல்லார் மேலும் சாய்ந்தது. மோரில் குப்புறக் கிடந்தபடி தலையைத் திருப்பினேன். இரண்டு பெரிய பாதங்கள் என்னைத் தாண்டி அவசரமில்லாமல் போயின. குடத்திலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. கேமரா சொடுக்கியது.

"யாரு வூட்டுப் பொண்ணுலா இது?" என்றார் மாமா என் கீழேயிருந்து.

"எம் மவதாண்ணே."

"இதுக்குப் பேச்சே வராதுன்னீங்க?"

"இப்பவும் பேசலியேண்ணே."

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. 'பால்குடம் ஏந்தும் பக்தர்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சட்டம் போட்டு நடுவில் மாட்டினார். அதற்காக ஜோன் இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளிக்கொள்ள வேண்டியிருந்தது. அண்ணன் நிமிர்ந்து, முகம் முழுக்கத் தெரிய, குடத்தோடு வருகிறார். கீழே இடது ஓரத்தில் கொலுசு போட்ட ஒரு குதிகால்.

"அந்தக் குதிகாலு எம் மவ," என்று அம்மா வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்.

இடுப்பில் பிளாஸ்திரியோடு சபாபதி மாமாவும் பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தேடினார்.

"ஏம்மா, நான் எங்க இருக்கேன்?"

"குதிகாலுக்குக் கீழ பாருங்கண்ணே," என்றார் அம்மா. "வெள்ளையா ஒரு மொன தெரியுதுல்ல? அதான் ஒங்க வேட்டி."