கெட்ட புகைக்கு நல்ல புகை

2005 அக்கினி நட்சத்திரத்தில் உப்பளத்துக்குத் தெற்கே சவுக்குக் காடு பற்றிக்கொண்டது. ஐந்து நாள் எரிந்தது. புகை எவ்வளவு கெட்டி என்றால், என் ஈரத் துண்டை அதன்மேல் காயப்போட்டேன், சாயங்காலம்தான் விழுந்தது. காக்கைகள் பறக்க முடியாமல் ரோட்டில் வரிசையாக நடந்து போயின. ஒன்று என்னிடம் வழி கேட்டது.

இரண்டாம் நாள், உப்பு வாரிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ரேணுகா இருமி இருமிக் குனிந்தாள். எட்டாம் மாதம். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை. என் செருப்பு அதைவிடக் கனம்.

மறுநாள் நர்ஸ் சந்தியா வந்து பார்த்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் விலாத் தோல் உள்ளே போனது.

"இந்தப் புகையில தாங்காது. இப்பவே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆட்டோ நிக்குது."

ரேணுகா எழுந்தேவிட்டாள். மாமியார் விருத்தாம்பாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"தீட்டு கழியாம படி தாண்டுனா காத்து கருப்பு அடிச்சிடும். மாமா, நீங்களே நாயம் சொல்லுங்க."

திண்ணையில் இருந்த என்னைக் கேட்டுவிட்டாளே.

"கெட்ட புகைக்கு நல்ல புகைதாம்மா வைத்தியம். சாம்பிராணி போடு, காட்டுப் புகை ஓடிடும். மலேயாவுல நானே பாத்திருக்கேன்" என்றேன். மலேயாவை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"பெரியவரே, விளையாடாதீங்க!" என்றாள் சந்தியா.

சிரிக்காமல் சொல்வது என் வழக்கம். விருத்தாம்பாளும் சிரிக்கவில்லை. ஆட்டோ காலியாகத் திரும்பிப் போனது.

ஜன்னலில் சாக்கை அடைத்தார்கள். தணல் சட்டியில் சாம்பிராணி ஓயவில்லை. உள்ளேயிருந்து ரேணுகா கூப்பிட்டாள்.

"தாத்தா, சும்மா சொன்னேன்னு சொல்லிடுங்க தாத்தா. நீங்க சொன்னா கேப்பாங்க."

குழந்தை அழவில்லை, முனகியது. சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் இன்னும் இரண்டு வீட்டில் என் வைத்தியம் ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் முனகல் நின்றது. அன்றைக்கே காடும் அணைந்தது. சாம்பிராணிதான் விரட்டியது என்று தெருவில் பேச்சு.

குழந்தையின் அப்பன் சகாதேவன் அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். விருத்தாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்க வைத்தியம் இல்லன்னா அன்னைக்கே போயிருக்கும் மாமா. மூணு நாளு உசுரோட வச்சிருந்தீங்க."

படிக்கு உள்ளே நின்று ரேணுகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.