பதிவேட்டின் முதல் பெயர்

மாதாகோயில் பங்கின் வெள்ளிவிழாவுக்காவது வா என்று பக்கத்து வீட்டு மெர்சி நச்சரித்ததால்தான் விக்டோரியா கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குள் கால் வைத்து இரண்டு வருடமாகிறது. பூசை முடிந்ததும் நழுவிவிட வேண்டும். அதன்பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

புதுவாயலில் கோயிலே இல்லாத காலத்தில் முதல் பூசை அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேதான் நடந்தது. நாற்று நடுவதை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போன பன்னிரண்டு குடும்பங்கள். புருஷன் சாலமோன் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த பேக்கிங் பலகைதான் பீடம். அவள் சோறு வடிக்கும் குண்டானில் தண்ணீர் நிரப்பித்தான் கைக்குழந்தையாயிருந்த மகன் ஸ்டீவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இன்றைக்கு நானூறு குடும்பம், கிரானைட் தரை. ஸ்டீவன்தான் இல்லை. இரும்பு உருக்கும் வேலைக்குப் போனவனைப் பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுவந்தார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அதன்பிறகு அவள் எதிரில் ஒருவரும் அவன் பேச்சை எடுப்பதில்லை. சாலமோனும்தான். அவன் இல்லாமலே எல்லாம் ஜோராக நடக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

பூசை முடிவில், போன மாதம் மாற்றலாகி வந்த இளம் பங்குத்தந்தை பழைய ஞானஸ்நானப் பதிவேட்டோடு மைக் முன்னால் வந்தார். அதில் கல்யாணத்தைக் குறிப்பார்கள், சாவைக் குறிப்பதில்லை. சாவுக்கு வேறு புத்தகம். எல்லாரையும் அசத்த நினைத்தவர், யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நம்ம பங்கில் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஸ்டீவன், வெள்ளிவிழா மெழுகுதிரியை ஏற்ற வரவும்!"

பெஞ்சுகளில் தலைகள் பின்னால் திரும்பின. "ஸ்டீவன் வரலையா?" என்று சிரித்தபடி மறுபடி கேட்டார். பூசைக்கு உதவும் உபதேசியார் ஜெயராஜ் பதறிப்போய் அவர் காதருகே ஓடினார்.

மெர்சி அவள் கையைப் பிடித்தாள். "வாக்கா, ஊட்டுக்குப் போய்டலாம்."

"உடு மெர்சி. ரெண்டு வருசமா எம்புள்ளைய யார்னா பேர் சொல்லிக் கூப்ட்டீங்களா? அவுருதான் கூப்புடறாரு."

அத்தனை பேரும் பார்க்க, அவள் நடுவழியே நடந்து பீடத்தை அடைந்தாள். பங்குத்தந்தையின் முகம் வெளுத்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா, எனக்குத் தெரியாது..."

"இன்னொருவாட்டி கூப்டுங்க ஃபாதர்."

அவர் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். அவள் மெழுகுதிரியருகே இருந்த தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைக் கிழித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து சாலமோன் எழுந்து நின்றான்.

"ஸ்டீவன்!"

வீட்டு வாசலில் நின்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரல். தீக்குச்சி விரல்வரைக்கும் எரிந்துகொண்டு வந்தது. அவள் அதைத் திரியில் வைத்தாள்.